பாசி படர்ந்த நீர்: உளூவிற்கும் குடத்திற்கும் உள்ள வேறுபாடு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதற்கு முன்னர் சிறிது நேரம் மார்க்க உரை நிகழ்த்துவது நம் ஜமாஅத்தின் வழக்கம். இவ்வாண்டு தலைப்பைத் தேடி நான் அலையவில்லை. அது பள்ளிவாசலின் ஹவுளிலேயே பச்சை நிறத்தில் மிதந்து கொண்டிருந்தது. கோடை தொடங்கிய சில வாரங்களில் ஹவுளின் நீர் பச்சையேறிவிட்டதையும், படிகள் வழுக்கத் தொடங்கியதையும், அஸருக்கு வந்த முதியவர்கள் முகம் சுளித்ததையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதே நாட்களில் வீட்டுக் குழாய்களில் வரும் நல்ல தண்ணீரும் மண் வாடை வீசுவதாகச் சிலர் சொன்னார்கள்.

அப்பொழுது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. இந்நீரில் உளூச் செய்தால் தொழுகை கூடுமா என்பது ஒன்று. மண் வாடை வீசும் நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் சொல்லியனுப்பிக் கேட்டது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது என்னிடம் நேரில் கேட்கப்படவில்லை, திண்ணையில் பேசப்பட்டது. "கிதாபில் கூடும் என்று இருக்கும்போது, ஹவுளைச் சுத்தம் செய்கிறோம், கூரை போடுகிறோம் என்று ஜமாஅத் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?" என்பதே அது. நியாயமான கேள்விதான். ஆகவே மூன்றிற்கும் சேர்த்தே இன்று விடை கூற விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நீருக்கு நிறம், சுவை, மணம் என மூன்று தன்மைகள் உண்டு. இவற்றுள் ஒன்று மாறினால் அந்நீரின் நிலை என்ன என்பதை நம் முன்னோர்களான புகஹாக்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். பாசிக்கு அரபி மொழியில் துஹ்லுப் என்று பெயர். இச்சொல் பிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடமான தஹாரத்தின் பகுதியிலேயே வந்துவிடுகிறது. நெடுநாள் தேங்கி நின்றதாலோ, நிற்கும் நிலத்தின் மண்ணாலோ, தன்னிலேயே முளைத்த பாசியாலோ நீர் மாறினால், அது பிறவற்றைத் தூய்மையாக்கும் தன்மையை இழந்துவிடுவதில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் உள்ளிட்ட ஷாபிஈ நூல்கள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. நீரை இவற்றிலிருந்து காத்துக்கொள்வது மனிதர்க்கு இயலாத காரியம் என்பதே காரணம். பாசியை வெளியிலிருந்து பறித்து, அரைத்து, வேண்டுமென்றே நீரில் கலந்தால் சட்டம் மாறும் என்று கூட எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கம்! ஹனபி மத்ஹபில், தூய பொருள் கலந்த பின்னும் நீரின் மென்மையும் ஓடும் இயல்பும் எஞ்சியிருந்து, மக்கள் அதை நீர் என்றே அழைக்கும் வரை, உளூ கூடும்.

நம் மஹல்லாவில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். நமது ஹவுள், ஹனபி நூல்கள் கூறும் பத்துக்குப் பத்து முழம் என்ற அளவில் முன்னோர்களால் கட்டப்பட்டது. ஷாபிஈ மத்ஹபின் இரண்டு குல்லத் என்பது சுமார் 200 லிட்டர்தான் என அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். அதனோடு ஒப்பிட்டால் நம் ஹவுள் மிகப் பெரியது. எனவே ஹவுளில் தானாக முளைத்த பாசியினால் உளூவோ தொழுகையோ பாழாகவில்லை. தொழுத தொழுகைகளை மீட்ட வேண்டியதில்லை. இதில் எவருக்கும் மனச்சஞ்சலம் வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். மாற்றத்திற்குக் காரணம் பாசியாக இருக்க வேண்டும். சாக்கடை கலந்து, அதனால் நிறமோ சுவையோ மணமோ மாறியிருக்குமானால், நீர்நிலை எவ்வளவு பெரிதாயினும் அது நஜீஸ். இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். எதனால் பச்சை என்பதே கேள்வி. இதனைப் பின்னர் மீண்டும் தொடுவேன். ஏனெனில் நம் ஊர்க் குளங்களின் கதை அங்கேதான் இருக்கிறது.

இப்பொழுது திண்ணைக் கேள்விக்கு வருகிறேன். தூய்மையானது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. அரளி விதை நஜீஸ் அன்று. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் தொழுதால் அவருடைய தொழுகை கூடும். அதை அவர் அரைத்து உண்டால் ஹராம், உயிருக்கே ஆபத்து. பிக்ஹு நூல்கள் தூய்மையைப் பற்றிப் பேசும்போதே உடல் நலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடேறிய நீரை உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாபிஈ நூல்களில் ஒரு சட்டம் உண்டு. தோல் நோய் உண்டாகும் என்ற அச்சமே அதற்குக் கூறப்பட்ட காரணம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆதாரத்தை அலசி, அது மக்ரூஹ் அன்று என்ற கருத்தை ஏற்றார்கள் என்பது வேறு செய்தி. நமக்கு வேண்டியது யாதெனில், தூய நீரைக்கூட உடலுக்கு ஆகுமா என்று கேட்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது என்பதே. நீர் பட்டால் நோய் மிகும் எனில் தயம்மும் செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் அதே அடிப்படையில் வந்தது. ஆகவே "உளூக் கூடும்" என்று நான் சொன்னதை "குடிக்கலாம்" என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது நான் மருத்துவம் படித்தோரையும் குடிநீர்த் துறையில் பணியாற்றுவோரையும் அணுகிக் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

நாம் பாசி என்ற ஒரே சொல்லால் அழைப்பவை உண்மையில் பல. ஹவுளின் சுவரில் மயிர் போல ஒட்டிக்கொண்டு வளரும் பச்சைப் பாசி பெரும்பாலும் தீங்கற்றது. வழுக்கி விழச் செய்வதே அதன் பெரும் குற்றம். மற்றொன்று நீலப்பச்சைப் பாசி. பெயர் பாசியாயினும் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல நீரின் மேல் ஏடாகப் படரும். காற்றடித்தால் ஒரு கரையில் ஒதுங்கித் தடித்து நிற்கும். அழுகினால் துர்நாற்றம் வீசும். இவற்றுள் சில வகைகள் நஞ்சைச் சுரக்கின்றன. மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். அதன் ஒரு முக்கிய வகைக்கு, வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற எல்லையை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.

மண் வாடை வேறு. ஜியோஸ்மின் என்ற பொருளால் அது வருகிறது. முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த மணத்திற்குக் காரணமான அதே பொருள்தான். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். மூக்கின் இவ்வாற்றலை எண்ணி அல்லாஹ்வைப் புகழாமல் இருக்க இயலவில்லை. ஆனால் வாடை வீசுவதால் மட்டும் நஞ்சு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வாடை இல்லாததால் நஞ்சு இல்லை என்றும் நிம்மதி கொள்ள முடியாது. இரண்டும் தனித்தனி.

நம் இல்லங்களில் தண்ணீரில் ஐயம் வந்தால் தாய்மார்கள் செய்யும் முதல் காரியம் கொதிக்க வைப்பது. காலரா, மஞ்சள் காமாலை, டைபாய்டு ஆகியவற்றின் கிருமிகளுக்கு அது நன்மருந்து. பாசி நஞ்சிற்கு அது மருந்தன்று. கொதிநீரில் அந்நுண்ணுயிர் வெடித்து, உள்ளிருந்த நஞ்சு நீரில் கலந்துவிடும். நீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடும். அமெரிக்காவில் டொலிடோ என்றொரு நகர் உண்டு. ஈரி என்னும் பெரிய ஏரியிலிருந்து அதற்குக் குடிநீர். 2014 ஆகஸ்ட் 2 அதிகாலையில் அந்நகர மக்களுக்கு அறிவிப்பு வந்தது: குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று. சுமார் 5 லட்சம் மக்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தனர். செல்வம் கொழிக்கும் நாடு, பெரிய சுத்திகரிப்பு நிலையம், எல்லாம் இருந்தும் நிலை இதுதான். வயல்களில் இட்ட உரம் மழையில் கரைந்து ஏரியை அடைந்ததே முதன்மைக் காரணம். சீனாவின் வூஷி நகரிலும் 2007ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தாய் ஏரியில் பாசி பெருகியதால் ஏறத்தாழ 20 லட்சம் மக்களுக்குக் குழாய் நீர் பயனற்றுப் போனது.

இவற்றிலும் கொடியது 1996இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் நேர்ந்தது. சிறுநீரகம் பழுதுபட்டோர்க்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்யும் மருத்துவமனை ஒன்றிற்குப் போதிய சுத்திகரிப்பின்றி வந்த நீரில் பாசி நஞ்சு இருந்தது. டயாலிசிஸில் நீர் வயிற்றின் வழியே செல்வதில்லை. இரத்தத்திற்கு அருகிலேயே செல்கிறது. 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர். நம் மஹல்லாவிலும் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இச்செய்தியை அவர்களை அச்சுறுத்தக் கூறவில்லை. இன்று டயாலிசிஸ் நிலையங்களில் நீரைப் பன்மடங்கு வடிகட்டுகிறார்கள். பாசி என்ன செய்துவிடும் என்று திண்ணையில் கேட்டவர்களுக்காகக் கூறினேன்.

"இதெல்லாம் சீமையில், நம் கொங்கு நாட்டில் ஏது?" என்று தோன்றலாம். மேட்டூருக்குச் சென்று பாருங்கள். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. 120 அடி முழு நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. டெல்டாவின் வயல்களுக்கு மட்டுமன்றிப் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கும் காவிரி நீரை அளிக்கும் தாய். அதன் நீர்த்தேக்கப் பகுதியில் சமீப ஆண்டுகளில் பலமுறை பச்சைப் படலம் படர்ந்து, கரையோரக் கிராமத்தார் துர்நாற்றம் தாங்க முடியாமல் முறையிட்டிருக்கிறார்கள். நாற்றத்தைத் தணிக்க அதிகாரிகள் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்தார்கள். நீர் வற்றிய காலத்தில் தேக்கப்பகுதியில் உரமிட்டுப் பயிர் செய்வதும், பின்னர் நீர் ஏறும்போது அவை மூழ்கி அழுகுவதும், மேலே ஆற்றில் சேரும் கழிவுகளும் பாசிக்கு விருந்தாகின்றன. கரைசல் தெளிப்பது அந்த நேரத்து நாற்றத்தைக் குறைக்கலாம். விருந்து தொடரும் வரை விருந்தாளி திரும்பி வரத்தானே செய்வான்?

கோயம்புத்தூரில் வாழும் நாம் ஒரு வகையில் பாக்கியசாலிகள். சிறுவாணி நீரின் சுவையைப் பற்றிப் பிற ஊரார்களிடம் பெருமை பேசாத கோவைக்காரர் உண்டா? 1973இல் தமிழக, கேரள அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கேரள எல்லைக்குள் உள்ள அணையிலிருந்து அந்நீர் நமக்கு வருகிறது. காட்டின் நடுவே இருப்பதால் சாக்கடையோ உரமோ எளிதில் சேர்வதில்லை. பில்லூர்த் திட்டத்தில் பவானி ஆற்று நீரும் நமக்குக் கிடைக்கிறது. எனினும் மழை பொய்த்த ஆண்டுகளில் சிறுவாணியின் நீர்மட்டம் அடியாழத்திற்கு இறங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடேறும்; தேங்கி நிற்கும்; அப்பொழுது வாடையும் நிறமும் மாறுவது இயல்பு. பொதுக் குழாயில் வரும் நீர் அத்தகைய நாளில் மண் வாடை வீசினால், படிகாரமும் குளோரினும் முறையாகச் சேர்க்கப்பட்டதா என்று மாநகராட்சியைக் கேட்பது நம் உரிமை. வாயால் கேட்பதை விட எழுத்தில் கேட்பது நல்லது. ஒரு வீட்டார் எழுதுவதை விட ஒரு தெருவே கையெழுத்திட்டு எழுதுவது இன்னும் நல்லது. நம் தெருவில் எல்லாச் சமயத்தவரும் குடியிருக்கிறார்கள். ஒரே குழாயில்தான் அனைவர்க்கும் நீர் வருகிறது. அண்டை வீட்டாரின் கையெழுத்தையும் பெறுங்கள்.

ஆனால் சகோதரர்களே, ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் குடிக்கும் நல்ல தண்ணீரில் நாம் காணும் பச்சையில் பெரும்பகுதி சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வந்ததன்று. நம் மொட்டை மாடியிலும் வாசலிலும் விளைந்தது. பல நாட்களுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வருவதால் டிரம்மிலும் தொட்டியிலும் சின்டெக்ஸிலும் பிடித்து வைக்கிறோம். குளோரின் ஓரிரு நாளில் ஆவியாகிவிடுகிறது. மூடி உடைந்திருக்கிறது; வெளிச்சம் விழுகிறது. பாசிக்கு வேறென்ன வேண்டும்? வெளிச்சம் இல்லையேல் பாசி இல்லை. வெள்ளை நிறத் தொட்டிக்குள் வெயில் ஊடுருவும். கறுப்புத் தொட்டி அல்லது உள்ளே கறுப்புப் பூச்சுள்ள தொட்டியில் ஊடுருவாது. இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மூடியிருந்தால் பாசியும் வராது, டெங்கு பரப்பும் கொசுவும் முட்டையிடாது.

கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைக்கப்பட்ட கேன் தண்ணீரையும் சற்று உற்றுப் பாருங்கள். அடியில் பச்சைப் படிவு தெரிந்தால் வாங்காதீர்கள். ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் கேனை ஜன்னலோரத்தில் வைத்து, சில மாதங்களில் பச்சை படர்ந்ததும், "ஜம்ஜமுக்கே இப்படியா?" என்று கண்கலங்க வந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குறை ஜம்ஜமில் இல்லை. திறந்து திறந்து ஊற்றியபோது உள்ளே சென்ற நுண்ணுயிரும் ஜன்னல் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. ஜம்ஜம் பருகுவதற்காகக் கொண்டுவரப்பட்டது. பருகிவிடுங்கள், பகிர்ந்துவிடுங்கள், அலமாரியில் காட்சிக்கு வைக்காதீர்கள்.

இனி அந்தத் தாய்க்கான விடை. மண் வாடை மட்டும் வீசி நீர் தெளிவாக இருந்தால் அச்சம் வேண்டாம். வழக்கம்போல் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கலாம். நீர் பச்சையாகவோ, மேலே ஏடு படிந்தோ இருந்தால், கைக்குழந்தைக்கு அதனைக் காய்ச்சியும் கொடுக்கக் கூடாது. பால்மாவு கரைக்கவும் கூடாது. வேறு நீர் பெறுங்கள். ஆர்.ஓ. இயந்திரமும், முறையாகப் பராமரிக்கப்படும் கார்பன் வடிகட்டியும் இந்நஞ்சைப் பெருமளவு நீக்கும் என்கிறார்கள். சாதாரணத் துணி வடிகட்டலுக்கு அவ்வாற்றல் இல்லை. கால்நடை வளர்ப்போரும் நினைவில் கொள்க. ஏடு படர்ந்த குட்டையில் நீரருந்திய மாடுகளும் நாய்களும் மடிந்த செய்திகள் உலகின் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

முன்னர் ஒரு நிபந்தனை சொன்னேனே, அதற்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், நம் ஊரின் குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிச் செல்லும்படி முன்னோர்கள் அமைத்தார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்த மாலையில் கோத்த மணிகள். இன்று அக்குளங்களில் பல மாதங்கள் பச்சையும் ஆகாயத்தாமரையும்தான் காட்சி. 2013இல் பெரியகுளம் வறண்டிருந்தபோது மாநகராட்சியும் தன்னார்வ அமைப்புகளும் பொதுமக்களும் சேர்ந்து தூர்வாரினார்கள். பின்னர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரைகளில் நடைபாதைகளும் விளக்குகளும் அமைந்தன. மாலையில் குழந்தைகளோடு நடக்க இனிமையாக இருக்கிறது. கரை அழகானது போல நீர் அழகானதா என்று கேட்டால், என் கண்ணுக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்நீரில் பச்சை எதனால்? வீட்டுச் சாக்கடையில் உள்ள மலமும் சிறுநீரும், துணி துவைக்கும் சோப்புத்தூளும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பாசிக்கு உணவு. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. எனினும் இணைப்புப் பெறாத வீடுகளின் கழிவு, மழைநீர் வடிகாலில் இறங்கிக் குளத்தை அடைகிறது. பிக்ஹின் மொழியில் சொன்னால், அங்கே பச்சைக்கு மூலம் துஹ்லுப் அன்று, நஜீஸ். ஹவுளின் சட்டத்தை அக்குளத்திற்குப் பொருத்த இயலாது. நிழலிலும் வழியிலும் நீர்த்துறையிலும் மலம் கழிப்பது சாபத்திற்குரியது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்தார்கள். கழிப்பறையிலிருந்து குழாய் வழியே அனுப்பினால் அத்தடை நீங்கிவிடுமா? செப்டிக் தொட்டியின் வழிநீரை இரவோடு இரவாகத் தெரு வடிகாலில் திறந்துவிடும் வீடுகள் நம் மஹல்லாவிலும் உள்ளன. எந்த வீடு என்று நான் கூறப்போவதில்லை. பாதாளச் சாக்கடை வந்துள்ள தெருக்களில் இணைப்புப் பெறாதோர் இவ்வாண்டிற்குள் பெற்றுவிட வேண்டும். கட்டணம் செலுத்த வசதியற்றோர்க்கு உதவ பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகையை ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் நான் கேட்டுக்கொள்கிறேன். அது ஜகாத் நிதியாக இராமல் ஸதகா நிதியாக இருப்பது பேணுதலானது.

குடிக்கும் நீர் குளத்திலிருந்து வருவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். குளத்து நீர் மண்ணில் இறங்கி நம் ஆழ்குழாயின் உப்புத் தண்ணீராக மேலே வருகிறது. சாக்கடையால் நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. குளத்தில் பிடித்த மீன் சந்தைக்கு வருகிறது; வாங்குவோர் குடலையும் ஈரலையும் முற்றாக நீக்கிச் சமைக்க வேண்டும். நொய்யலோ நம்மோடு நிற்பதில்லை. திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்காக எழுந்து, சாய நீரைத் தேக்கும் தொட்டியாகிப்போன கதையையும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் இங்கு அறியாதார் இல்லை. அங்கே சாயம், இங்கே சாக்கடை. கீழே இருப்பவர் குடிக்கும் நீர் ஒன்றே.

ஹவுளைப் பற்றிய முடிவிற்கு வருகிறேன். ஹவுளை மூடிவிட்டுக் குழாய்கள் மட்டும் போதும் என ஒரு சாராரும், பாட்டனார் காலத்து ஹவுளைத் தொடக் கூடாது என மற்றொரு சாராரும் கருத்துச் சொன்னீர்கள். எனக்கு ஹவுள் வேண்டும் என்பதே விருப்பம். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்வதில் வீணாகும் நீரை விட ஹவுளில் செலவாகும் நீர் குறைவு. ஆனால் ஹவுள் இருந்தால் அதைப் பேண வேண்டும். உளூவில் வாய் கொப்பளிக்கிறோம், மூக்கிற்கு நீர் செலுத்துகிறோம். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. அது பாசியினால் வரும் நோயன்று. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வாழும் நுண்ணுயிர், மூக்கின் வழியே மூளையை அடைகிறது. அங்கே கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இட்டார்கள். பச்சையேறிய ஹவுள் என்பது, இந்நீரில் குளோரின் இல்லை, வெயிலும் தேக்கமும் மிகுந்துவிட்டன என்று நமக்குச் சொல்லும் அடையாளம். அந்நிலையில் உளூக் கூடும் என்றாலும், அதில் மூக்கைக் கழுவ நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்; குழாய்க்குச் செல்லுங்கள் என்றே சொல்வேன்.

எவ்வளவு குளோரின் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆயிரம் லிட்டருக்கு நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், இட்ட பின் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் ஹவுள் 15 அடிக்கு 15 அடி; மூன்றடி நீர் நின்றால் ஏறத்தாழ 19,000 லிட்டர். அதற்கு வேண்டியது 50 கிராமிற்கும் சற்றுக் குறைவு. ஒரு கைப்பிடி! சென்ற கோடையில் நல்லெண்ணத்தோடு சிலர் கிலோக் கணக்கில் கொட்டியதால்தான் கண் எரிந்தது. மயில்துத்தம் போட்டால் பாசி ஒழியும் என்றும் சிலர் சொன்னார்கள். பாசி சாகும், உண்மை. அது நீலப்பச்சைப் பாசியாயின் செத்து வெடித்து நஞ்சை நீரிலேயே விட்டுச் செல்லும். பச்சையான நீரில் குளோரினைப் போடுவதும் வீண். பாசியே அதைத் தின்றுவிடும். முதலில் நீரை இறக்கிச் சுவரைத் தேய்க்க வேண்டும். பின்னர் குளோரின். பின்னர் வெயில் விழாதபடி கூரை. நீரைச் சுழற்ற ஒரு சிறு மோட்டார். இந்த அளவு குளோரினால் நீரின் தூய்மையாக்கும் தன்மை கெடுமோ என ஒரு பெரியவர் கேட்டார். கெடாது, குழாயில் வரும் நீரிலும் அதுதானே இருக்கிறது.

வாரந்தோறும் நீரைச் சோதிக்கக் குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டி வாங்க நிர்வாகம் இசைந்துள்ளது. சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் நிறத்தைப் பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மதரஸாவின் மேல் வகுப்பு மாணவர்கள் இருவர் இதனைக் கற்றுக்கொள்வார்கள். தங்கள் வீட்டுத் தொட்டியின் நீரைக் கொண்டுவருவோர்க்கும் வியாழன் மக்ரிபிற்குப் பின் அவர்கள் சோதித்துத் தருவார்கள். விரிவான ஆய்வு வேண்டுவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம்.

வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் ஹவுளின் நீர் இறக்கப்படும். இளைஞர்கள் துடைப்பமும் வாளியும் கொண்டு வாருங்கள்; படி வழுக்கும், முதியவர்கள் இறங்க வேண்டாம். இறக்கும் நீரைத் தெரு வடிகாலில் விடப்போவதில்லை. மோட்டார் வைத்து மையவாடியின் மரங்களுக்குப் பாய்ச்ச ஏற்பாடாகியுள்ளது. பாசி அவற்றுக்கு உரம். அன்று ளுஹர் வரை உளூவிற்கு வடபுறக் குழாய்களைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். கூரைக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் அவர்கள் இப்பொழுது கணக்கோடு சேர்த்து வாசிப்பார்கள். வஸ்ஸலாம்.